இல்லத்து இன்னொலியும் ஐவகைப் பொருத்தமும்

செவிவழி நுகரும் இன்பங்களுள் இசையின்பம் தலையாயது. முன்னாளில் அதனை விரும்பினோர், பாடுவோர் இருக்கும் இடந்தேடிச் செல்ல வேண்டியிருந்தது. திருவிழாப் பந்தலும், மணவீடும், செல்வர் மாளிகையுமே இசை கேட்கும் இடங்களாயிருந்தன. கிராமபோன் தோன்றிய பின்னர் இந்நிலை சிறிது மாறிற்று. 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது; 1930-இல் சென்னை நகரசபை அப்பணியை ஏற்று நடத்திற்று; 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. 1977-இல் எப்.எம். ஒலிபரப்பு இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் தொடங்கிற்று. இன்றோ, சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசி ஒன்றிலேயே இசையுலகம் முழுவதும் அடங்கி நிற்கின்றது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கைப்பேசியின் சின்னஞ்சிறு வாயினின்றும் எழும் ஒலியில் மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் கேளாது. தம்பூராவின் கார்வை மறைந்துபோம். நாகசுரத்தின் கம்பீரம் ஊதற்குழலின் கீச்சொலியாய்க் குறுகும். ஆதலின் வீட்டிலிருந்தே நல்லிசை கேட்க விரும்புவோர் ஆம்ப்ளிபயர் ஒன்றும் ஸ்பீக்கர் இரண்டும் வாங்க முற்படுகின்றனர். இவற்றைக் குறைந்த செலவில், ஒன்றுக்கொன்று இயையுமாறு தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டிற்குப் பொதட்டூர்பேட்டையைக் கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு அணித்தாய், ஆந்திர எல்லையை அடுத்து விளங்கும் இவ்வூர் நெசவினால் வாழும் ஊர். விசைத்தறிகளின் ஓசை இதன் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கும். இவ்வூரை ஈண்டுக் கருதுதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நெசவாளர் கையிற் சேரும் பணம் பல நாள் உழைப்பின் கூலி. தவறான பொருளொன்றை வாங்கிவிடின் அவ்வுழைப்பு முழுவதும் வீணாம். மற்றொன்று, பகலெல்லாம் தறியோசையில் களைத்த செவிக்கு மாலையில் வேண்டுவது மேலும் பேரொலி அன்று, தெளிந்த மெல்லொலியே. கடைக்காரர் விற்க விழைவதோ பெரும்பாலும் பேரொலி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டை அறிந்தவரே பணத்தையும் செவியையும் ஒருங்கே காப்பர்.

பெயர் விளக்கம்

ஒலிபெருக்கி என்னும் சொல்லை நம்மவர் திருவிழாக் கம்பத்திற் கட்டும் கூம்புக் குழாய்க்கே வழங்குகின்றனர். உண்மையில் அக்குழாய் எதனையும் பெருக்குவதில்லை. தன்னிடம் வந்த மின்சாரத்தை ஒலியாக மாற்றுவதே அதன் தொழில். பெருக்குந் தொழிலைச் செய்வது ஆம்ப்ளிபயர் என்னும் பெட்டி. கைப்பேசியிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ வரும் மின்னலை ஒரு வோல்ட் அளவினது. அவ்வலையின் வடிவம் சிதையாமல் அதனைப் பன்மடங்கு வலிமையுறச் செய்வதே ஆம்ப்ளிபயரின் கடமை. அவ்வலிமை பாட்டினின்று பிறப்பதன்று. சுவரிலுள்ள மின்சாரத்தினின்று பெறப்படுவது. இவ்வுண்மையை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

ஸ்பீக்கர் என்பது காந்தத்தின் இடையே அசையும் கம்பிச்சுருளும், அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் உடையது. இவ்வமைப்பை அமெரிக்க நாட்டு ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் விளக்கி வெளியிட்டனர். இன்றளவும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அம்முறையையே பின்பற்றுவன. கீழ்த்தொனிகளை எழுப்பும் பெரிய கூம்பை வூபர் என்றும், மேல்தொனிகளை எழுப்பும் சிறியதை ட்வீட்டர் என்றும் கூறுப. நமக்குச் செவி இரண்டாதலின், இரு வேறு அலைகளை இரு ஸ்பீக்கர்களின் வழியாகச் செலுத்தினால், பாடுவோர் நடுவிலும் பக்கவாத்தியக்காரர் இருமருங்கிலும் அமர்ந்திருப்பது போன்ற உணர்ச்சி உண்டாகும். இதுவே ஸ்டீரியோ. ஆங்கில நாட்டு ஆலன் பிளம்லைன் 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கு உரிமைச் சாசனம் கோரினார்.

இனிப் பொருத்தம் என்பது யாது? பலரும், "ஐம்பது வாட் ஸ்பீக்கருக்கு ஐம்பது வாட் ஆம்ப்ளிபயர்" என்று எண்ணோடு எண் சமமாக நிற்றலையே பொருத்தம் என்பர். மணப்பொருத்தம் பார்ப்போர் ஒரு பொருத்தத்தோடு அமைவதில்லை. பலவும் பார்த்தே முடிவு செய்வர். ஈண்டும் அவ்வாறே, ஓம் பொருத்தம், வாட் பொருத்தம், உணர்திறன் பொருத்தம், அறைப் பொருத்தம், செவிப் பொருத்தம் என ஐந்து காண வேண்டும்.

முதலாவது: ஓம் பொருத்தம்

மின்சாரத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மைக்குத் தடை என்று பெயர். அதன் அளவு ஓம். 1827-இல் இவ்விதியை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம் என்னும் ஜெர்மானியரின் பெயரே அவ்வளவுக்கு இடப்பெற்றது. குறுகிய குழாயில் தண்ணீர் குறைவாகவும் அகன்ற குழாயில் மிகுதியாகவும் ஓடுதல்போல, ஓம் மிகுந்த ஸ்பீக்கரில் மின்னோட்டம் குறையும். ஓம் குறைந்ததில் மிகும். வீட்டு ஸ்பீக்கர்களின் முதுகில் பெரும்பாலும் 4, 6, 8 ஆகிய எண்களுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும்.

வால்வுகளால் இயங்கிய பழைய ஆம்ப்ளிபயர்களில் டிரான்ஸ்பார்மர் வழியாக 4, 8, 16 எனத் தனித்தனி இணைப்புகள் இருந்தன. ஸ்பீக்கரின் ஓமும் இணைப்பின் ஓமும் ஒத்திருத்தல் அங்கே இன்றியமையாததாயிற்று. 1947-இல் கண்டுபிடிக்கப்பெற்ற டிரான்ஸிஸ்டர் இந்நிலையை மாற்றியது. இக்காலத்து ஆம்ப்ளிபயரின் உட்தடை ஓர் ஓமின் சிறு கூறே யாதலின், சமம் தேட வேண்டுவதில்லை. விதி ஒன்றே: ஆம்ப்ளிபயரின் பின்புறம் குறித்துள்ள கீழெல்லைக்கு ஸ்பீக்கரின் ஓம் குறையலாகாது. "4 முதல் 8 ஓம்" என்றிருப்பின் எட்டு ஓம் ஸ்பீக்கரும் நான்கு ஓம் ஸ்பீக்கரும் தகும். "8 ஓம்" என்று மட்டும் இருப்பின் நான்கு ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்தல் தகாது. மின்னோட்டம் இருமடங்காகிப் பெட்டி சூடேறிக் கெடும்.

இவ்விதியை அறியாது நேரும் இடர் ஒன்று உண்டு. கூடத்தில் ஸ்பீக்கர் நன்கு பாடக் கண்டோர், சமையலறைக்கும் ஒன்று வேண்டுமென விரும்பி, அதே முனைகளில் மற்றொரு ஸ்பீக்கரையும் பக்கவாட்டாக இணைப்பர். எட்டு ஓம் இரண்டு இங்ஙனம் சேர்ந்தால் பதினாறு ஆவதில்லை; நான்கே ஆகும். நான்கு ஸ்பீக்கர்கள் சேர்ந்தால் இரண்டு ஓம். கதவுகள் பல திறந்தால் கூட்டம் விரைந்து வெளியேறுவது போன்றதே இது. பெட்டி சின்னாள் பொறுத்துப் பின் ஓய்ந்துபோம்.

பிறிதோர் எச்சரிக்கையும் ஈண்டே கூறத்தக்கது. ஆடிக்கிருத்திகைப் பந்தலிலும் பொதுக்கூட்டத்திலும் வைக்கும் ஆம்ப்ளிபயர்களில் "100 வோல்ட்" என்றோர் இணைப்பு இருக்கும். நெடுந்தொலைவு கம்பி இழுத்துப் பல கூம்புக் குழாய்களை இயக்குதற்கு அது ஏற்பட்டது. ஒவ்வொரு குழாயிலும் தனி டிரான்ஸ்பார்மர் இருத்தல் வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று அப்பெட்டியை வாங்கி, அவ்விணைப்பில் வீட்டு ஸ்பீக்கரைச் சேர்ப்பவர் கம்பிச்சுருளைக் கருக்கிவிடுவர். 100 வோல்ட் எட்டு ஓமில் பாய்ந்தால் 1250 வாட் ஆகும் என்று கணக்கிட்டால் இதன் கொடுமை விளங்கும்.

இணைக்குங் கம்பியைப் பற்றி ஒரு சொல். விலையுயர்ந்த கம்பி வேண்டுவதில்லை. வீட்டு மின்னிணைப்புக்கு இடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே போதும். ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போகவர அதன் தடை ஓர் ஓமில் எட்டில் ஒரு பங்கினுங் குறைவு. மணியடிக்கும் மெல்லிய கம்பியோ, ஏறத்தாழ ஓர் ஓமைத் தானே விழுங்கும்.

இரண்டாவது: வாட் பொருத்தம்

வாட் என்பது சக்தி செலவாகும் வேகத்தின் அளவு. இதனை நேர்மையாகக் கூறுவோரும் உளர், மிகைப்படுத்துவோரும் உளர். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "2000 வாட் பி.எம்.பி.ஓ." என்றிருப்பதை நம்மவர் கண்டிருப்பர். அவ்வெண்ணுக்கு ஒருமித்த அளவுமுறை யாதும் இல்லை. வணிகர் விரும்பியவாறு எழுதுவது அது. இடையறாது தரவல்ல சக்தியைக் குறிக்கும் "ஆர்.எம்.எஸ்." எண்ணே கருதத்தக்கது. இத்தகைய மிகைக்கூற்றைத் தடுத்தற்கென்றே அமெரிக்க அரசின் வாணிக ஆணையம் 1974-இல் விதியொன்று வகுத்தது. 2024-இல் அதனைத் திருத்தி அமைத்தது.

நேர்மையைச் சோதித்தற்குக் கருவி வேண்டா. எளிய கணக்கே போதும். ஒலியாகும் சக்தி முழுவதும் சுவர் மின்சாரத்தினின்று வருவதென்று முன்னர்க் கூறினோம். சிறு ஆம்ப்ளிபயருடன் தரும் அடாப்டரின் மேல் "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்றிருந்தால் இரண்டையும் பெருக்குக. 24 வாட் வரும். அதனினும் மிகுந்த சக்தியை அப்பெட்டி இடையறாது தருதல் இயலாது. அதன் முகப்பில் நூறு என்றிருப்பினும் ஆயிரம் என்றிருப்பினும் உண்மை இருபத்து நான்கிற்குட்பட்டதே.

இன்னும் நுணுகிப் பார்க்கலாம். இக்காலச் சிறு ஆம்ப்ளிபயர்களுட் பல, அடாப்டரின் வோல்ட் முழுவதையும் ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கிடையே அலையவிடும் பிரிட்ஜ் முறையின. அவற்றிற்கு வோல்ட்டை வோல்ட்டாற் பெருக்கி, ஓமின் இருமடங்கால் வகுத்தால் வருவதே ஒரு ஸ்பீக்கருக்குரிய மேலெல்லை. பன்னிரண்டு வோல்ட்டுக்கு 144. எட்டு ஓமின் இருமடங்கு 16. வகுத்தால் ஒன்பது வாட். இருபத்து நான்கு வோல்ட்டுக்கு 576. அதே பதினாறால் வகுத்தால் முப்பத்தாறு வாட். உள்ளே வீணாகுவது போக இவை சிறிது குறையும். ஆகவே ஒரே பெட்டிதான், அடாப்டரை மாற்றியவளவில் நான்மடங்கு வலிமை பெறுகின்றது. பெட்டி ஏற்கும் வோல்ட் எல்லையைக் கடவாமல் நல்ல அடாப்டரை வாங்குதல், வேறு பெட்டி வாங்குவதினும் சிக்கனமாம்.

ஸ்பீக்கரின் முதுகில் எழுதிய வாட்டோ வேறு பொருளது. அது, "இவ்வளவு சக்தியைத் தாங்குவேன்" என்று கூறுவதேயன்றி, "இவ்வளவு எனக்கு வேண்டும்" என்று கேட்பதன்று. ஐந்து மூட்டை சுமக்கவல்ல வண்டியில் ஒரு மூட்டை ஏற்றலாகாதென்று யாரே கூறுவர்? நூறு வாட் தாங்கும் ஸ்பீக்கரை இருபது வாட் ஆம்ப்ளிபயரால் இயக்குதல் குற்றமன்று.

அங்ஙனமாயின் சிறு ஆம்ப்ளிபயர் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று சிலர் கூறுவது பொய்யோ எனின், முழுப்பொய் அன்று. தன் எல்லைக்குள் இயங்கும்போது சிறு ஆம்ப்ளிபயர் தீங்கு செய்வதில்லை. எல்லை கடந்து குமிழைத் திருகும்போது மின்னலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. வெட்டுண்ட அலையின் சக்தி, எழுதிய வாட்டின் இருமடங்கு வரை உயரக்கூடும். அன்றியும், பாட்டில் இல்லாத மேல்தொனிகள் அதிற் பிறந்து மெல்லிய ட்வீட்டரிற் பாயும். கரகரத்த ஒலி கேட்டவுடன் குமிழைப் பின்னே திருப்புக. கரகரப்பே யந்திரத்தின் முறையீடு. அதனைச் செவிசாய்த்தோர் ஸ்பீக்கர் நெடுநாள் வாழும்.

மூன்றாவது: உணர்திறன் பொருத்தம்

ஐந்தனுள்ளும் பணத்தை மிகுதியாகக் காப்பது இப்பொருத்தமே. ஆயினும் வாங்குவோர் பெரும்பாலும் காணாது விடுவதும் இதுவே. ஒரு வாட் மின்சாரத்தைத் தந்து, ஒரு மீட்டர் தொலைவில் எழும் ஒலியை அளந்தால் கிடைப்பது ஸ்பீக்கரின் உணர்திறன். அதன் அளவு டெசிபெல். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 91 டெசிபெல் வரையின.

84-க்கும் 90-க்கும் இடையே ஆறே எண்கள் என்று இகழலாகாது. டெசிபெல் கூட்டற் கணக்கில் ஏறுவதன்று. பெருக்கற் கணக்கில் ஏறுவது. மூன்று டெசிபெல் உயர்தற்கு ஆம்ப்ளிபயரின் வாட் இருமடங்காக வேண்டும். ஆறு உயர்தற்கு நான்மடங்கு. பத்து உயர்தற்குப் பதின்மடங்கு. ஆகவே 84 டெசிபெல் ஸ்பீக்கரை நாற்பது வாட்டால் இயக்கிப் பெறும் ஒலியை, 90 டெசிபெல் ஸ்பீக்கர் பத்து வாட்டிலேயே தரும். மற்றொன்றுங் காண்க: மனிதச் செவிக்கு மூன்று டெசிபெல் உயர்வு சிறிதே புலனாகும், பத்து டெசிபெல் உயர்ந்தாலன்றி ஒலி இருமடங்காயிற்றென்று தோன்றாது. ஐம்பது வாட் பெட்டியை விற்றுவிட்டு நூறு வாட் பெட்டி வாங்கியவர், கொடுத்த பணத்திற்குப் பெற்றது அம்மூன்று டெசிபெலே.

ஒரு வீட்டிற்கு எத்துணை வாட் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். 87 டெசிபெல் உணர்திறனுடைய ஸ்பீக்கர் இரண்டு. கேட்போர் இரண்டு மீட்டர் தொலைவில் இருக்கின்றனர். தொலைவு இருமடங்காகும்போது வெட்டவெளியில் ஆறு டெசிபெல் குறையும், 81 ஆயிற்று. ஸ்பீக்கர் இரண்டாதலின் மூன்றைக் கூட்டினால் 84. இஃது ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் தந்தபோது. இனிதாகப் பாட்டுக் கேட்க எழுபது டெசிபெல் போதும். அதற்கு வேண்டுவது ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஓங்கி அடிக்கும் நொடியில் ஒலி இருபது டெசிபெல் உயர்ந்து தொண்ணூறு ஆகலாம். அப்பொழுதும் நான்கு வாட்டே செலவாகும். இடமுண்டாகுமாறு பத்து அல்லது இருபது நேர்மையான வாட் இருந்தால் நடுத்தர அறைக்கு அது தாராளமாம். ஆயிரக்கணக்கில் வாட் பேசுவோரிடம் இக்கணக்கை நினைவூட்டுக.

உணர்திறன் மிகுந்ததே நன்று எனக் கண்மூடி வாங்குதலும் கூடாது. பெட்டி சிறிதாயிருத்தல், கீழ்த்தொனி ஆழ்ந்திருத்தல், உணர்திறன் மிக்கிருத்தல் ஆகிய மூன்றனுள் இரண்டையே ஒருங்கு பெறலாம். மூன்றையும் ஒருங்கே தருவதாகக் கூறும் விளம்பரத்தை நம்பற்க. இடம் இருப்பின் சிறிது பெரிய பெட்டியைக் கொள்க.

நான்காவது: அறைப் பொருத்தம்

ஸ்பீக்கர் பாடும்போது அறையும் உடன்பாடுகின்றது. சுண்ணச் சுவரும், கல் பதித்த தரையும், ஒட்டுத் தளமும் உடைய வெற்றறையில் கைதட்டினால் ஒலி சுழன்று நிற்கும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரும் சொற்களைக் குழப்பும். இதற்கு மருந்து துணி. பிறவூரார் விலை கொடுத்து வாங்கும் இம்மருந்து நெசவாளர் இல்லத்தில் இயல்பாகவே உண்டு. நூற்கட்டும், மடித்து அடுக்கிய துணியும், தொங்கவிட்ட திரையும், தரையில் விரித்த சமுக்காளமும் மிகையொலியை உறிஞ்சிக்கொள்ளும். துணி அடுக்கை ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் வைத்தல் சாலச் சிறந்தது.

ஸ்பீக்கரைப் பரண்மேல் ஏற்றுதல் பலர் வழக்கம். மேல்தொனி நேர்க்கோட்டிற் செல்லும் இயல்பினது. தலைக்குமேல் சென்றுவிட்டால் சொற்றெளிவு குன்றும். ட்வீட்டர், அமர்ந்திருப்போர் செவியின் உயரத்தில் நிற்க வேண்டும். பாயில் அமர்ந்து கேட்கும் வீட்டில் ஸ்பீக்கரையும் தாழ்வாக வைக்க. இரு ஸ்பீக்கரும் கேட்போரும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் இருத்தல் ஸ்டீரியோவின் இலக்கணம். சுவர் மூலையில் ஒடுக்கினால் கீழ்த்தொனி பருத்து முழங்கும். சிறு பெட்டியாயின் சுவரருகே வைத்து அம்முழக்கத்தைச் சிறிது துணைக்கொள்ளலாம்.

சிவப்பு முனையைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணைக்க. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இவை மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே செல்லும். கீழ்த்தொனிகள் தம்முள் மோதி மறையும். முனையின் நிறம் தேய்ந்த பழைய ஸ்பீக்கராயின், ஒன்றரை வோல்ட் டார்ச் பாட்டரியின் முனைகளை நொடிப்பொழுது தொட்டுப் பார்க்க. கூம்பு வெளியே நகரும்போது பாட்டரியின் நேர்முனை தொட்ட பக்கமே சிவப்புக்குரியது.

விசைத்தறி இயங்கும் வீட்டில் மின்னிணைப்பிலும் கருத்து வேண்டும். தறி மோட்டார் கிளம்பும்போது ஒரே இணைப்பிலுள்ள ஸ்பீக்கரில் "டப்" என்ற ஓசை எழும். ஆம்ப்ளிபயருக்குத் தனி இணைப்பும், எர்த் உடைய மூன்று முனைப் பிளக்கும் அமைத்தல் நலம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதாகக் குறித்த அடாப்டர், மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊருக்கு ஏற்றது.

ஐந்தாவது: செவிப் பொருத்தம்

மற்றப் பொருத்தங்கள் தவறினால் பொருள் கெடும். இது தவறினால் கெடுவது மீண்டும் வாங்கவொண்ணாதது. விசைத்தறிக் கூடங்களில் ஒலி தொண்ணூறு டெசிபெலைக் கடத்தல் அளவீடுகளிற் பலமுறை கண்ட உண்மை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்திற்குத் தொண்ணூறு டெசிபெலை எல்லையாக்கின. அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சியாளர் எண்பத்தைந்தே தக்கதென்பர். அதற்குமேல் மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பதும் அவர் கொள்கை. 88-இல் நான்கு மணி. 91-இல் இரண்டே மணி. இதன்படி நோக்கின், தறியின் அருகே ஒரு பகல் நின்றவர் தம் செவியின் அன்றைய பங்கை முற்றும் செலவிட்டவராவர். மாலையில் அதன்மேலும் பேரொலியைச் சுமத்துதல் கடன்மேற் கடன் வாங்குதல் போலும்.

இரைச்சலால் நேரும் செவிக்கேடு முதலில் நாலாயிரம் அதிர்வெண்ணை ஒட்டிய மேல்தொனிகளைத் தாக்கும். ச, ஷ, ஸ முதலிய மெல்லிய உரசொலிகளும் தாளத்தின் இனிய ஓசையும் மங்கும். மங்கியதை உணர்ந்தவர் குமிழை மேலும் திருகுவர், அதனால் செவி மேலும் மங்கும், பெட்டியும் கரகரக்கும், உடனிருக்கும் குழந்தைகளின் செவியும் பழுதுறும். இதற்குச் செலவில்லா மாற்று ஒன்றுண்டு. ஸ்பீக்கரை நெருங்கி அமர்க. தொலைவு பாதியானால் ஏறக்குறைய ஆறு டெசிபெல் கூடும். நான்மடங்கு வாட் உள்ள ஆம்ப்ளிபயர் செய்வதை, பாயை இழுத்துப் போடுதல் செய்துவிடும். அறையின் எதிரொலியினால் இவ்வாதாயம் சிறிது குறையினும், தெளிவு மிகுதல் திண்ணம். கீழ்த்தொனிக் குமிழைக் குறைத்தாலும் பாடற்சொற்கள் துலங்கும்.

அயலாரையும் எண்ணுதல் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவெனக் கொள்ளப்படும். சட்டம் ஒருபுறமிருக்க, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இரவு முறை வேலை செய்து திரும்பியவர் நண்பகலில் உறங்குவர். அத்தகையோர் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். மெல்லொலியிலும் தெளிவு குன்றாத ஸ்பீக்கரே அயலார் நட்பையும் காக்கும் ஸ்பீக்கர்.

செலவுப் பங்கீடு

ஐந்து பொருத்தங்களையும் கண்டபின் பணத்தைப் பகுத்தல் எளிது. ஆம்ப்ளிபயர்க் கலை இன்று முதிர்ந்துவிட்டது. குறைந்த விலையிலும் குற்றமற்ற பெட்டி கிடைக்கும். ஸ்பீக்கரோ மரமும் காந்தமும் காகிதமுமாகிய பருப்பொருள். அதன் குணம் விலையோடு பெரிதும் வேறுபடும். ஆகவே கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கி, ஆறு பங்கை ஸ்பீக்கருக்கும், மூன்று பங்கை அடாப்டர் உட்பட ஆம்ப்ளிபயருக்கும், ஒரு பங்கைக் கம்பி, பிளக், மணைக்கட்டை ஆகியவற்றிற்கும் வைத்தல் தகும். பணம் குறைந்தால் ஆம்ப்ளிபயரில் குறைக்க, ஸ்பீக்கரில் குறைக்கற்க. நல்ல ஸ்பீக்கர் பல ஆம்ப்ளிபயர்களைக் கண்டு வாழும்.

திருத்தணியினின்று ரயிலேறிச் சென்னை செல்வோர், அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெருவில் புதியனவும் பழையனவும் ஒருங்கே காணலாம். செல்லும்போது தாம் நன்கறிந்த பாட்டு இரண்டைக் கைப்பேசியிற் கொண்டு செல்க. ஒன்று பெண்குரலும் தம்பூராவும் அமைந்ததாகவும், மற்றது மிருதங்கம் அல்லது தவில் ஓங்கியதாகவும் இருத்தல் நன்று. கடைக்காரர் ஒலியை உயர்த்திக் காட்டுவர். அதனைத் தணிக்கச் சொல்லிக் கேட்க. பேரொலியில் எல்லா ஸ்பீக்கரும் மயக்கும். மெல்லொலியில் நல்லதே நிற்கும். பாட்டு ஏதும் இன்றிக் குமிழை உயர்த்தி இரைச்சல் உண்டா என்றும் பார்க்க.

பழைய ஸ்பீக்கராயின் கூம்பின் விளிம்பை மெல்லத் தொட்டுச் சோதிக்க. பஞ்சு விளிம்பு காலத்தால் பொடிந்துபோம். ரப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். வெளிநாட்டுப் பழைய ஆம்ப்ளிபயராயின் பின்புற எழுத்தைப் படிக்க. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கிருந்து வந்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அப்பொழுதே புகையும். ஏற்ற டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்து எண்ணினால் அதன் மலிவு பல வேளைகளில் மறைந்துவிடும்.

தொகுத்துக் கூறின், எட்டு ஓம் உடையதாய், எண்பத்தேழு டெசிபெலுக்குக் குறையாததாய், ரப்பர் விளிம்பினதாய் உள்ள இணை ஸ்பீக்கரும், இருபது வாட் அளவை நேர்மையாகத் தரும் ஆம்ப்ளிபயரும், 24 வோல்ட்டில் நாலைந்து ஆம்பியர் தரும் அடாப்டரும், செப்புக் கம்பியும், துணி நிறைந்த அறையும் ஒரு நெசவாளர் குடும்பத்தின் இசை வேட்கைக்கு முற்றும் போதுமானவை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம்மவர் பழமொழி. அதனைப் பணத்திற்கு மட்டும் உரியதாகக் கொள்ளற்க. ஒலிக்கும் அதுவே அளவுகோல். வீட்டின் அளவறிந்து, செவியின் நிலையறிந்து, அயலாரின் உறக்கமும் அறிந்து அமைத்த ஒலியே இன்னொலி. தறி நின்ற பின்னர், நாள் முழுதும் உழைத்தவர் பாயில் சாய்ந்து, தம்பூராவின் கார்வையை மெல்லக் கேட்டு இளைப்பாறுதற்கு ஆயிரம் வாட் வேண்டா; அறிந்து தேர்ந்த பத்து வாட் போதும்.